டெலிபோனில் பேசிய பெண், திரையில் பேச ஓராண்டு படித்தார்

வானொலிக்குப் போவதற்காக நான் கொடுத்த முதல் குரல் தேர்வு மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூத்த அறிவிப்பாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "குரல் நல்லா இருக்கும்மா. தமிழ்தான் இன்னும் வரல" என்றார். வீட்டில் பேசுவது தமிழ். தமிழ்ப்பள்ளியில் படித்தது ஆறு வருடம். பசார் மாலாமில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவதும் தமிழில்தான். அப்புறம் என்ன வரவில்லை? கிள்ளானுக்குத் திரும்பிய கொமுட்டர் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு எட்டு மாதம். நாளிதழைச் சத்தமாகப் படிப்பேன், கைப்பேசியில் பதிவு செய்வேன், கேட்பேன், வெட்கப்படுவேன், மறுபடியும் படிப்பேன். மழையும் மலையும் என் வாயில் வேறு வேறாகப் பிரிந்த பிறகுதான் அந்த வாசலை இரண்டாம் முறை மிதித்தேன்.

ரூபி மையர்ஸின் கதையை முதன்முதலில் படித்தபோது என்னால் ஒரு கணம் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. நானாவது யாரும் அறியாத பெண், தோற்றால் வீட்டுக்குத்தான் தெரியும். அவரோ அப்போது இந்தியாவின் மிகப் பெரிய திரை நட்சத்திரம். சுலோசனா என்ற பெயரில் அவர் படம் ஓடாத ஊர் இல்லை. அந்தப் பெண்ணிடம் 1931ஆம் ஆண்டு வந்து சொன்னதும் அதேதான்: முகம் நன்றாக இருக்கிறது, மொழிதான் வரவில்லை.

வேண்டாம் என்ற வேலை

ரூபி மையர்ஸ் 1907ல் புனேயில் பிறந்தவர். பாக்தாத் வழி வந்த யூதக் குடும்பம். நமக்கு இது அத்தனை தூரத்து விஷயமல்ல. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் பாக்தாத் யூத மரபில் வந்தவர்தான். வாணிபத்துக்காகப் பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாகப் பரவிய சமூகம் அது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் வளர்ந்தார்கள்.

ரூபி பார்த்த வேலை டெலிபோன் ஆப்பரேட்டர். இந்த ஒரு விவரத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். கிட்டத்தட்ட என் வேலை!

கோஹினூர் பிலிம் கம்பெனியைச் சேர்ந்த இயக்குநர் மோகன் பவ்நானி அவரை நடிக்கக் கூப்பிட்டார். ரூபி முடியாது என்றார். மானமுள்ள வீட்டுப் பெண் சினிமாவுக்குப் போவாளா என்று கேட்ட காலம் அது. இந்து, முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் கேமரா முன் நிற்கத் தயங்கியதால்தான் ஆரம்பகால இந்திய ஊமைப்படங்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் அத்தனை பேர் நாயகிகளாக வந்தார்கள். ரெனி ஸ்மித் என்ற பெண் சீதா தேவி ஆனார். புத்தர் கதையைச் சொன்ன ‘லைட் ஆஃப் ஏஷியா’வில் கோபாவாக நடித்தவர் அவர். பவ்நானி விடவில்லை. கடைசியில் ரூபி ஒப்புக்கொண்டார். நடிப்பென்றால் என்னவென்றே தெரியாமல் 1925ல் திரைக்கு வந்து, சுலோசனா ஆனார்.

எட்டு வேடம், ஒரு சொல் இல்லை

ஊமைப்படத்தில் வசனம் இல்லாமல் இல்லை. காட்சிக்கு நடுவே அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். ஊருக்குத் தகுந்தபடி அந்த அட்டையின் மொழி மாறும். தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் அதையும் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஓர் ஆள் நின்று உரக்கப் படித்துக் கதை சொல்வார். (யோசித்துப் பார்த்தால் அவர்தான் நம் முதல் நேரடி வர்ணனையாளர்.) அதனால் நாயகி படப்பிடிப்பில் எந்த மொழியில் உதட்டை அசைத்தாலும் யாருக்கும் கவலையில்லை. கண் பேசினால் போதும். சுலோசனாவின் கண்கள் பேசின.

1926ல் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’. அடுத்த ஆண்டு ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’, அதாவது பம்பாயின் காட்டுப்பூனை. அதில் அவர் போட்டது எட்டு வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், வாழைப்பழம் விற்பவர், பொன்னிற முடி வெள்ளைக்காரி என்று போகும் பட்டியல். ‘நவராத்திரி’யில் சிவாஜியின் ஒன்பது வேடங்களைக் கொண்டாடும் நாம், அதற்கு 37 ஆண்டுகள் முன்பே ஒரு பெண் எட்டு வேடம் கட்டியதை மறந்துவிட்டோம்.

கோஹினூரிலிருந்து அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் பிலிம் கம்பெனிக்கு மாறினார். 1928ல் ‘மாதுரி’, அதே ஆண்டு ‘அனார்கலி’, 1929ல் ‘இந்திரா பி.ஏ.’. ‘அனார்கலி’ வந்த விதம் இன்றைய தயாரிப்பாளர்களையும் தோற்கடிக்கும். லாகூர் கம்பெனி ஒன்று அதே கதையைப் பெரும் செலவில், சீதா தேவியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. இம்பீரியல் காதில் செய்தி விழுந்ததும் சுலோசனாவை வைத்து மளமளவென்று எடுத்து முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார்கள். மக்கள் சுலோசனாவின் அனார்கலியைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

அவர் புகழ் எவ்வளவு என்பதற்கு இன்னொரு சான்று. காந்தியடிகள் கதர்க் கண்காட்சியைத் திறந்துவைக்கும் சிறு படம் ஒன்றைத் திரையிட்டபோது, ‘மாதுரி’யில் சுலோசனா ஆடிய நடனத்தையும் ஒலி சேர்த்துக் கூடவே காட்டினார்கள். காந்திக்குத் துணையாகச் சுலோசனா! அந்த நடனத்துக்குச் சத்தம் கிடைத்துவிட்டது. ஆடியவரின் வாய்க்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

பேச்சு வந்தது

1931 மார்ச் 14, பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் ‘ஆலம் ஆரா’. இந்தியாவின் முதல் பேசும் படம். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வர வேண்டியிருந்தது. எடுத்தவர் அர்தேஷிர் இரானி. எடுத்த இடம் இம்பீரியல்.

சுலோசனாவின் சொந்தக் கம்பெனி. ஆனால் நாயகி அவரில்லை. ஜுபைதா.

காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஜுபைதாவின் தாய் ஃபாத்மா பேகம் உருது நாடக மேடையிலிருந்து வந்தவர், இந்தியாவின் முதல் பெண் இயக்குநரும் அவர்தான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஹிந்துஸ்தானி பேச்சை யாரும் சொல்லித்தர வேண்டாம். மதத்தையோ சமூகத்தையோ இதில் இழுக்கவும் முடியாது. ‘ஆலம் ஆரா’ கதையை எழுதிய ஜோசப் டேவிட்டே யூதர்தான். சுலோசனாவை வெளியே நிறுத்தியது நாக்கு ஒன்றுதான்.

நாக்கில் தடுக்கியவர் அவர் மட்டுமல்ல. நாயகன் மாஸ்டர் விட்டல் கதை இன்னும் வேடிக்கை. மராத்திக்காரரான அவர் ஊமைப்படங்களின் சண்டை நாயகன். இந்தப் படத்துக்காகப் பழைய ஸ்டூடியோவின் ஒப்பந்தத்தை உதறிவிட்டு வர, அவர்கள் வழக்குப் போட்டார்கள். விட்டலுக்காக வாதாடி ஜெயித்த வக்கீல் யார் தெரியுமா? முகமது அலி ஜின்னா! அவ்வளவு பாடுபட்டு வந்த நாயகன் வாயைத் திறந்தபோது உச்சரிப்பு சரியில்லை. கடைசியில் படத்தின் பெரும்பகுதியில் அவரை மயக்கநிலையில் இருப்பதாகக் காட்டிச் சமாளித்தார்கள்.

இப்போதுபோல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. அன்றைய கருவியில் படமும் ஒலியும் ஒரே நேரத்தில் ஒரே பிலிமில் பதிந்தன. ஒரு சொல் தவறினால் முழுக் காட்சியையும் மறுபடி எடுக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை ஓடியதால் நள்ளிரவு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை, ஊர் அடங்கிய நேரத்தில் படம் பிடித்தார்கள். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்தில் கேமரா கண்ணுக்குப் படாமல் ஒளித்து வைப்பார்கள். வாத்தியக்காரர்களும் அப்படியே மறைவில். பின்னணிப் பாடகர் என்று ஒருவர் கிடையாது. பாட வேண்டியவர் கேமரா முன்னாலேயே பாட வேண்டும். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ்காரர்கள் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தது 1935ல்தான்.

இதே இம்பீரியலில் இதே 1931ல் இன்னொரு பெண்ணுக்கு நேர்மாறாக நடந்தது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தையும் இரானிதான் தயாரித்தார், அதே ஸ்டூடியோவில், எச்.எம். ரெட்டி இயக்கத்தில். அக்டோபர் 31ஆம் தேதி வெளியானது. நாயகி டி.பி. ராஜலட்சுமி. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, நாடகக் கம்பெனிகளில் பாடி நடித்து வளர்ந்தவர். ஊமைப்படத்திலும் நடித்திருந்தார், ஆனால் அங்கே அவருடைய பெரிய சொத்தான குரலுக்கு வேலையில்லை. மைக் வந்ததும் அவர் ‘சினிமா ராணி’. 1936ல் ‘மிஸ் கமலா’வை அவரே இயக்கவும் செய்தார். ஒரே கருவி, ஒரே கூரை. ஒருத்தியை உள்ளே அழைத்துக்கொண்டது, இன்னொருத்தியை வெளியே நிறுத்தியது.

உச்சியில் இருக்கும்போது விடுப்பு

சுலோசனாவுக்கு அன்று என்னென்ன வழிகள் இருந்தன? சம்பாதித்தது போதும் என்று ஒதுங்கியிருக்கலாம். சீதா தேவிக்குப் பேசும் படத்தில் இடமே கிடைக்கவில்லை, அவர் பெயர் மெல்ல மறைந்தது. அல்லது ஹாலிவுட் நாயகிகள் சிலர் செய்ததுபோல் தன் உச்சரிப்புக்கேற்ற வெளிநாட்டுப் பெண் வேடமாகப் பார்த்து நடித்திருக்கலாம்.

குரலைக் கடன் வாங்குவதும் ஒரு வழி. 1929ல் லண்டனில் ஹிட்ச்காக் ‘பிளாக்மெயில்’ எடுத்தபோது நாயகி ஆனி ஓன்ட்ராவின் செக் நாட்டு உச்சரிப்பு இடித்தது. டப்பிங் இல்லாத காலம். என்ன செய்தார்கள்? கேமராவுக்கு வெளியே ஜோன் பேரி என்ற நடிகை மைக்கில் வசனம் பேச, ஓன்ட்ரா அதற்கேற்ப உதட்டை மட்டும் அசைத்தார். படம் ஓடியது. ஆனால் இங்கிலாந்தில் ஓன்ட்ராவின் நாயகி வாழ்க்கை அதோடு முடிந்தது. மீடியா படித்த காலத்தில் வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள், எல்லோரும் சிரித்தோம். இப்போது பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தமிழ்ப் படங்களில் வடக்கிலிருந்து வரும் நாயகிக்கு இன்று ஒரு டப்பிங் கலைஞர் பேசிவிட்டுப் போகிறார், அவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. அன்று ஜோன் பேரியின் பெயரும் படத்தில் வரவில்லை.

சுலோசனா இவை எதையும் செய்யவில்லை. நடிப்பை நிறுத்தினார். ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஹிந்துஸ்தானி படிக்க உட்கார்ந்தார்.

இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் வானொலிக்காரியாக எனக்கு அந்த ஓராண்டின் கனம் தெரியும். ஹிந்திப் பாட்டை வாய்விட்டுப் பாடிப் பார்த்த எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் கொஞ்சமாவது தெரியும். நமக்கு ஒரே ‘க’. அவர்களுக்கு நான்கு. உருதுச் சொற்கள் வந்தால் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒலிகள் வேறு. ஆங்கிலத்தில் வளர்ந்த நாக்குக்கு ‘த’வும் ‘ட’வும் பிரிவதே பெரும்பாடு. சொல் தெரிந்தால் மட்டும் போதாது, மூச்சு எங்கே விட வேண்டும் என்பதும் சேர்ந்து மாற வேண்டும். அழும்போதும், கோபத்தில் கத்தும்போதும், காதலனிடம் கிசுகிசுக்கும்போதும் அந்த ஒலி தவறக் கூடாது. படிப்பவர் இருபத்து நான்கு வயதில் நாடறிந்த நட்சத்திரம். வெளியே வாரத்துக்கொரு புதுப்பெண் பாடிக்கொண்டே திரைக்கு வருகிறாள். ரசிகர்களின் ஞாபகம் எவ்வளவு நாள் தாங்கும்?

ஓராண்டு காணாமல் போவது அந்தத் தொழிலில் தற்கொலைக்குச் சமம். நாங்கள் இரண்டு வாரம் விடுப்பில் போய்த் திரும்பினாலே, "அந்தப் புதுப் பிள்ளை நல்லாப் பேசுது, இல்ல?" என்று நேயர் ஒருவர் அழைத்துச் சொல்கிறார்!

பி.ஏ. படித்தவர் எம்.ஏ. ஆனார்

1932ல் திரும்பி வந்தார். வந்த படத்தின் பெயர் ‘மாதுரி’. ஊமைக்காலத்தில் அவரைக் கொண்டாட வைத்த அதே ‘மாதுரி’, அதே இயக்குநர் ஆர்.எஸ். சௌத்ரி, இப்போது பேச்சோடு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். புதுப்படம் ஒன்றைத் தேர்ந்திருந்தால் ஒப்பிட ஆளில்லை, பாதுகாப்பாக இருந்திருக்கும். அவரோ மக்கள் மனப்பாடமாக அறிந்த தன் வேடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த முறை நானே பேசுகிறேன் கேளுங்கள் என்று வந்தார். 1929ல் ‘இந்திரா பி.ஏ.’யாக இருந்தவர் 1934ல் ‘இந்திரா எம்.ஏ.’ ஆனார். ஓராண்டு படித்த பெண்ணுக்கு அடுத்த பட்டம்! 1935ல் ‘அனார்கலி’ மறுபடியும். பம்பாயின் காட்டுப்பூனை 1936ல் ‘பம்பாய் கீ பில்லி’யாகப் பேசிக்கொண்டு வந்தது. ஊமைப்படமாக நடித்த கதையையே பேசும் படமாகவும் எடுத்து, நான்கு முறையும் தானே நாயகியாக நின்றவர் என்று இன்னொருவரை நான் கேள்விப்பட்டதில்லை.

மக்களும் வந்தார்கள். மாதம் 5000 ரூபாய் சம்பளம் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிக்கிறார்கள். பம்பாய் கவர்னரைவிட இந்த அம்மாவுக்குச் சம்பளம் அதிகமாம் என்று ஊர் பேசியது. பேச்சில் மிகை இருந்திருக்கலாம், இருக்கட்டும். ஒரு முன்னாள் டெலிபோன் ஆப்பரேட்டரைக் கவர்னரோடு நிறுத்துப் பார்க்க ஊருக்குத் தோன்றியதே! ஓட்டுவதற்குச் செவர்லே கார். ஜோடி தின்ஷா பில்லிமோரியா. 1933 முதல் 1939 வரை இருவரும் தொடர்ந்து சேர்ந்து நடித்தார்கள். திரைக்கு வெளியேயும் அவர்கள் ஜோடிதான் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். தன் சொந்தப் பெயரிலேயே ‘ரூபி பிக்ஸ்’ என்ற கம்பெனியையும் தொடங்கினார்.

சலீமின் தாய்

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. முப்பதுகளின் கடைசியில் அந்தக் காதலும் போனது, இம்பீரியலும் 1938ல் மூடியது. வெளியே வந்து பார்த்தபோது அழைப்பவர்கள் குறைவு. பேச்சைப் படித்து ஜெயித்தவரை வயது வந்து மடக்கியது. நாயகிக்கு வயதாவதை நம் சினிமா அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுப்பதில்லை. அவரோடு நடித்த ஆண்களின் வயதை யாரும் எண்ணவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சின்னச் சின்னக் குணச்சித்திர வேடங்களுக்கு இறங்கினார். இறங்கினார் என்று எழுதிவிட்டேன், அவர் அப்படி நினைத்தாரா என்ன? ஐம்பது ஆண்டுக்கும் மேல் கேமராவை விடாமல் நின்ற பெண்.

1953ல் ‘அனார்கலி’ மூன்றாம் முறையாக வந்தது. சி. ராமச்சந்திராவின் பாட்டுக்காக இன்றும் பேசப்படும் படம். அனார்கலி, பீனா ராய். இயக்கியவர் நந்தலால் ஜஸ்வந்த்லால். யார் என்று பார்த்தால், ‘இந்திரா எம்.ஏ.’வையும் ‘பம்பாய் கீ பில்லி’யையும் இயக்கியவர்! தன் பழைய நாயகியை அவர் மறக்கவில்லை. சலீமின் தாய் ஜோதாபாய் வேடத்தைக் கொடுத்தார். 1928லும் 1935லும் சலீமுக்காக உயிரை விட்ட அனார்கலி, இப்போது சலீமைப் பெற்றவளாக, வேறொரு பெண் அனார்கலியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு அதே அரண்மனையில் நின்றார்.

1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகிப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 1983 அக்டோபரில் பம்பாயில் காலமானார். இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துபோயின. ‘ஆலம் ஆரா’வின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

ஆனால் 1953 ‘அனார்கலி’ இருக்கிறது. போன மாதம் இரவு நிகழ்ச்சி முடிந்து, ஸ்டூடியோவில் யாரும் இல்லாத நேரத்தில் அதைப் போட்டேன். அந்த அம்மா பேசும் காட்சி வந்ததும் படத்தைப் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு உருது தெரியாது. இருந்தாலும் அந்தக் காட்சியை நான்கு முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன்.